மருந்தில்லை, ரசம்

கணேஸ்வரனின் ரத்தத்துக்கு ஓர் எண் உண்டு. அது இரண்டரைக்குக் கீழே இறங்கக் கூடாது, மூன்றரைக்கு மேலே ஏறக் கூடாது. இறங்கினால் ரத்தம் கட்டிக்கொண்டு நெஞ்சுக்குள் வைத்திருக்கும் உலோக வால்வை அடைத்துவிடும். ஏறினால் உடம்பில் எங்கேயாவது கசிய ஆரம்பித்து நிற்காமல் போகும். ஆபரேஷன் முடிந்த இந்த மூன்று வருஷத்தில் அவர் மனைவி அனுசியா பிள்ளையாரைக் கும்பிட்டதைவிட அந்த எண்ணைக் கும்பிட்டதுதான் அதிகம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எண் நாலு புள்ளி எட்டில் நின்றது.

"போன தடவ நாலு. மாத்திரையக் கொறச்சோம். அப்பவும் ஏறியிருக்கு அங்கிள்," என்று மலாயில் சொன்னாள் நூருல். பெரிய ஆஸ்பத்திரியில் இப்படி ரத்தத்தைப் பார்த்து மாத்திரையின் அளவு சொல்கிற மருந்தாளர் அவள். சின்னப் பெண்தான், ஆனால் அவள் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளினாலே அனுசியா நாற்காலி நுனிக்கு வந்துவிடுவாள்.

நூருல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாத்திரையை மறந்து இரண்டு தடவை போட்டீர்களா? காய்ச்சலுக்கு வேறு மாத்திரை எடுத்தீர்களா? தண்ணி அடித்தீர்களா? கீரையை நிறுத்திவிட்டீர்களா? எல்லாவற்றுக்கும் கணேஸ்வரன் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நாட்டு மருந்து? ஜாமுக் கஷாயம்? சீன மருந்து?"

இதற்கு மட்டும் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் வாய்க்குள் போவதெல்லாம் அவள் இலாகா.

"தாக் அடா," என்றாள் அனுசியா. ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் யாரும் அவளைப் பொய்க்காரி என்று நினைத்துவிடக் கூடாது. மனசாரத்தான் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை மருந்து என்றால் டம்ளரில் ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக் குடிப்பது. அப்படி ஒன்றை அவள் கணவனுக்குக் கொடுத்ததே இல்லை. சோறு போட்டாள், அவ்வளவுதான்.

நூருல், ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை இன்னும் குறைத்து, அதை அதற்கான புத்தகத்தில் எழுதி, இரண்டு வாரத்தில் வரச் சொன்னாள். ரத்தம் கசிந்தால் அன்றைக்கே ஓடி வரவேண்டும் என்றாள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது அவர் முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கன்றல் தெரிந்தது. கதவில் லேசாக இடித்ததாம்.

"கத்திரிக்கா கலர்ல இருக்கு பாரு," என்று சிரித்தார். பல் ஈறில் ரத்தம் கோத்திருந்தது. அனுசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சங்கதி ஆறு வாரத்துக்கு முன்னால் தொடங்கியது. சிரம்பானில் வேலை செய்யும் மகள் ராகினி லீவில் ஜாசினில் இருக்கும் வீட்டுக்கு வந்தபோது, அம்மா துணி காயப் போட்டுக்கொண்டே கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டாள். தலை சுற்றல். விரல் எல்லாம் பனிக்கட்டி. கிளினிக்குக்கு வா என்றால் வரமாட்டாள். அப்பாவுக்கு அலையவே நேரம் போதவில்லை என்பாள். கடைசியில் பாசார் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சீன மருந்துக் கடைக்காவது வா என்று மகள் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அங்கே வைத்தியம் பார்க்கும் சின்சே மேடம் கோ என்ற அறுபது வயது அம்மாள். மூன்று விரலை அனுசியாவின் மணிக்கட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். வெளியே இரண்டு பஸ் போகும் வரைக்கும் திறக்கவில்லை. பிறகு நாக்கை நீட்டச் சொன்னாள்.

"வெள்ளையா இருக்கு. ரத்தம் கம்மி. உள்ளுக்குள்ள குளிர்ச்சி. எத்தன வருஷமா இப்படி?"

அனுசியாவுக்குத் தெரியவில்லை. யாரும் அவளிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. வேறு ஆஸ்பத்திரி மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று சின்சே கேட்டதற்கு இல்லை என்றாள். அதுவும் உண்மைதான், கேட்டது அவளைப் பற்றி.

மேடம் கோ டாங் குவாய் என்ற வேரையும், காய்ந்த சிவப்புப் பேரீச்சையையும், கெய்சி என்கிற குட்டிச் சிவப்புப் பழத்தையும் பொட்டலம் பொட்டலமாகக் கட்டினாள். கம்போங் நாட்டுக்கோழியோடு போட்டு, மூடி, இரண்டு மணி நேரம் சின்னத் தீயில் வேக வைக்க வேண்டும். எண்ணெய் கூடாது, மிளகாய் கூடாது. வாரத்தில் இரண்டு நாள், நாளைக்கு ஒரு கிண்ணம். மூன்று மாதத்துக்கு வரும்.

"ஒனக்கு," என்று விரலால் அவள் நெஞ்சைக் காட்டிச் சொன்னாள்.

ஒருத்திக்கு ஒரு கிண்ணம். சொல்வதற்குச் சுலபம். அனுசியாவின் அடுப்பில் முப்பது வருஷமாக ஒருத்திக்கென்று எதுவும் கொதித்ததில்லை. முதல் நாள் சூப் மணத்தபோதே கணேஸ்வரன் அடுப்படிக்கு வந்து மோப்பம் பிடித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு உப்பில்லை, தேங்காய்ப்பால் இல்லை, பொரித்தது இல்லை. ஒரு காலத்தில் எண்ணெய் பிழியும் செம்பனைப் பழ லாரி ஓட்டிவிட்டு வந்து நாலு தட்டுச் சோறு இழுத்தவர், இப்போது பள்ளிக்கூடத்தில் ஜாகா என்கிற காவல் வேலை முடிந்து வந்து அரைத் தட்டை ஒதுக்கிவிட்டுப் போனார். 'ஆஸ்பத்திரியவே வீட்டுக்குக் கொண்டாந்துட்ட லா' என்பார். அவர் தோள் எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டு தெரிவதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

அன்றைக்கு ஒரு கரண்டி வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, "சப்புன்னு இருக்கு," என்றார்.

இவ்வளவு நல்ல கோழி, இவ்வளவு நல்ல சரக்கு, சப்பென்று இருப்பதா? அவளுக்கு மனசு கேட்கவில்லை. மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டாள். கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றினாள். ஒரு சொட்டு எண்ணெயில் கறிவேப்பிலையைத் தாளித்துக் கொட்டினாள். சீனச் சூப் அடுப்பிலேயே கோழி ரசமாகிவிட்டது. கணேஸ்வரன் சோற்றில் குழி பறித்து மூன்று கரண்டி ஊற்றிக்கொண்டு, தட்டை வழித்து, விரலை நக்கினார். அனுசியா அடுப்பைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அப்புறம் எங்கே வாரத்துக்கு இரண்டு நாள்? நாலு நாள் வைத்தாள், ஐந்து நாள் வைத்தாள். கோழி அவருக்கு, ரசம் அவருக்கு. சட்டியில் ஒட்டியதை வழித்து மோர் விட்டுக்கொண்டால் அவளுக்கு ஆயிற்று. சாப்பிட்டு எழுந்திருக்கும்போது அவர் தினமும் கேட்பார், "நீ சாப்ட்டியா?" அவளும் தினமும் சொல்வாள், "ஆச்சு." சிரம்பானிலிருந்து ராகினி போன் பண்ணி, "சூப் குடிக்கிறியாம்மா?" என்பாள். அதற்கும் ஆச்சுதான்.

எண் நாலு புள்ளி எட்டு ஆன மறுநாள் கணேஸ்வரன் சவரம் பண்ணும்போது கன்னத்தில் கீறிக்கொண்டார். பொட்டு அளவுக் கீறல். அதற்கு ஒரு துண்டு, இரண்டு கைக்குட்டை, அரை மணி நேரம். அனுசியா அவர் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் நெஞ்சுக்குள்ளிருந்தும் ஒரு கடிகாரச் சத்தம் வரும். வால்வு திறந்து மூடுகிற டிக் டிக். மூன்று வருஷமாக அது காதில் விழுந்தால்தான் அவளுக்குத் தூக்கமே வரும். இப்போது இரண்டு சத்தமும் சேர்ந்து கேட்டபோது அவள் துண்டை இன்னும் அழுத்தினாள்.

அன்றைக்கு அவள் வீட்டில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். கீரையைக் கைப்பிடியால் அளந்தாள். மாத்திரைகளைத் தட்டில் கொட்டித் திரும்பவும் எண்ணினாள். பப்பாளியை நிறுத்தினாள். பழைய டூத் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டாள். ரசத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. அவரைத் தேற்றி உட்கார வைத்ததே அதுதானே? இவ்வளவு ரத்தம் போகிறதே என்று வியாழக்கிழமை இரண்டு பொட்டலத்தைச் சேர்த்துப் போட்டு வைத்தாள். கடவுளுக்கே அடுக்காத பேதைமை.

பொட்டலம் தீர்ந்தது. வெள்ளிக்கிழமை சின்சேயிடம் போனாள். மேடம் கோ பொட்டலம் கட்டாமல் முதலில் கையை வாங்கி விரல் வைத்தாள். நாக்கைப் பார்த்தாள். திரும்பவும் விரல் வைத்தாள்.

"நீ குடிக்கல," என்றாள்.

அனுசியா கையை இழுக்கப் பார்த்தாள்.

"மூணு மாசத்துக்குக் குடுத்தேன், அதுக்குள்ள தீந்துபோச்சு. ஆனா நாக்கு அன்னைக்கு மாதிரியே வெள்ளையா இருக்கு. யார் குடிச்சது?"

"வீட்டுக்காரர்."

"அவருக்கு என்ன சீக்கு?"

"நெஞ்சுல வால்வு வச்சிருக்கு. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்புடுறாரு."

மணிக்கட்டிலிருந்து சின்சேயின் விரல்கள் சட்டென்று எழுந்தன. அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அனுசியாவுக்குத் தோன்றியது.

"டாங் குவாய் ரத்தத்த ஓட வைக்கிற வேரு. மாத்திரை போட்டு ஏற்கனவே ஓடுற ரத்தத்துக்கு இதக் குடுக்கவே கூடாது. நான் ஒன் கையப் பாத்துல்ல குடுத்தேன். அவர் வந்து சொல்லியிருந்தா இந்தப் பொட்டலத்தக் கண்ணாலகூடக் காட்டியிருக்க மாட்டேன்." தட்டில் எடுத்து வைத்திருந்த வேரை மறுபடியும் டப்பாவில் போட்டு மூடினாள். "நிறுத்து. ஆஸ்பத்திரில போய்ச் சொல்லு. இன்னைக்கே."

அனுசியா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பலகையில் உட்கார்ந்து போனை எடுத்தாள். ஆஸ்பத்திரி நம்பர் போனில்தான் இருந்தது. நூருலின் கண்ணாடிக்கு முன்னால் போய் என்னவென்று சொல்வது? கேட்டபோது இல்லை என்றேன், ஆனால் ஆறு வாரமாக நான்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்றா? ராகினிக்குத் தெரிந்தால்? ரெம்பியாவில் இருக்கும் அவர் தங்கைக்குத் தெரிந்தால், புருஷனுக்கு வேரை அரைத்துப் போட்டவள் என்று ஒரு கல்யாண வீடு விடாமல் சொல்லித் தீர்ப்பாள். பயம் ஒரு பக்கம். வெட்கம் அதைவிடப் பெரிது.

பஸ் வருவதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சின்சே சொன்னது இரண்டு காரியம். நிறுத்து என்றாள், நிறுத்தியாயிற்று. நிறுத்தினால் எண் தானாக இறங்கும். இறங்கினபிறகு யாரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

முதல் சில நாட்கள் அவள் நினைத்தபடியே நடந்தன. ஈறில் ரத்தம் நின்றது. கத்திரிக்காய்க் கலர் மஞ்சளாக மாறியது. "அந்தக் கோழி ரசம் எங்க?" என்று அவர் கேட்டபோது, கோழி நல்லதாகக் கிடைக்கவில்லை என்று சொல்லித் தக்காளி ரசம் ஊற்றினாள். அவர் மறுபடியும் அரைத் தட்டை ஒதுக்கினார். போகட்டும், உயிரோடு ஒதுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் வியாழக்கிழமை. கருவாட்டுக் குழம்பு வேண்டுமென்று அவர் முதல் நாளிலிருந்தே குழந்தை மாதிரி அடம் பிடித்தார். சரி, தொலையட்டும் என்று கத்திரிக்காய்க் குழம்பு கூட்டி, கருவாட்டில் இருக்கிற உப்பே போதுமென்று உப்புப் போடாமல், இரண்டு துண்டைக் கழுவி உள்ளே போட்டாள். கொதி வருவதற்குள் அவளுக்குத் தைரியம் போய்விட்டது. உப்புக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே. இரண்டு துண்டையும் கரண்டியால் எடுத்து வெளியே போட்டாள். குழம்பு கொதித்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

உப்பே இல்லை. எப்படி இருக்கும்? கருவாட்டை நம்பி உப்பை நிறுத்தியவள் அவள்தானே. கருவாட்டை எடுத்துவிட்டால் உப்பைத் திருப்பிப் போட வேண்டாமா?

கரண்டி கையிலேயே நின்றது. மாத்திரையையும் அப்படித்தான் குறைத்தார்கள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ரசம் செய்கிற வேலையைப் பார்த்துவிட்டு, ரசம் இருப்பதே தெரியாமல் குறைத்தார்கள். இப்போது ரசமும் இல்லை, மாத்திரையும் இல்லாத மாதிரிதான்.

அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு ஓடினாள். கணேஸ்வரன் பாயில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து அவர் நெஞ்சில் காதை வைத்தாள். டிக் டிக் கேட்டது. ஆனால் எப்போதும் கேட்கிற மாதிரி கணீரென்று இல்லையோ? துணியைப் போட்டுப் பொத்தின மாதிரி இருக்கிறதோ? மின்விசிறிச் சத்தமா, தன் காதில் இரைகிற ரத்தமா, அவளால் பிரிக்க முடியவில்லை.

"என்னா லா?" என்றார் அவர்.

"சட்டையப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"செவ்வாக்கெழமதானே வரச் சொன்னாங்க. இன்னும் அஞ்சு நாள் இருக்கே."

"இன்னைக்கே போகணும். காடிச் சாவி எங்க?"

அவள் முகத்தைப் பார்த்தவர் டிவியை அணைத்துவிட்டு எழுந்தார்.

செம்பனைக் காட்டு ரோட்டில் கார் ஏறியதும் அனுசியா சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: சின்சே, வேர், மிளகு தட்டிப் போட்டது, நூருலிடம் இல்லை என்றது, பஸ் ஸ்டாண்டில் வாயை மூடிக்கொண்டது. கணேஸ்வரன் காரை ஓரமாக நிறுத்தினார். பழ லாரி ஒன்று காற்றை அடித்துக்கொண்டு கடந்து போனது. திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"அது ஒனக்குக் குடுத்ததா?" என்றார்.

"ஆமா."

"நீ குடிக்கவே இல்ல?"

"இல்ல."

"தெனம் கேட்டேனே, சாப்ட்டியா சாப்ட்டியான்னு."

"கேட்டீங்க."

"ஆச்சுன்னு சொன்னே."

"சொன்னேன்."

"நீயும் குடிக்கிறன்னு நெனச்சுத்தான் நான் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டேன்," என்றார். பிறகு காரைக் கிளப்பினார். அவள் ஒவ்வொரு சிக்னலிலும் அவர் இடது கை அசைகிறதா, வாய் கோணுகிறதா என்று திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எண் ஒன்று புள்ளி ஏழு.

நூருல் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். டாக்டருக்குப் போன் போட்டாள். அனுசியா நின்றபடியே இன்னொரு தடவை எல்லாவற்றையும் ஒப்பித்தாள். முதல் தடவையைவிட இது சுலபமாக இருந்தது.

"நான் கேட்டேனே ஆன்ட்டி."

"மருந்துன்னு கேட்டீங்க. நான் குடுத்தது ரசம்," என்றாள் அனுசியா. சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள்.

நூருல் சிரிக்கவில்லை. தன் கேள்விப் பட்டியலை எடுத்து, சீன மருந்து என்று இருந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவால் 'சூப், ரசம், குழம்பு' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். ஒரு இடம், இன்னொரு இடம், மறுபடியும் முதல் இடம்.

"சத்தம் தெளிவா இருக்கு. ஆனாலும் ஸ்கேன் எடுத்துப் பாத்துடுவோம்," என்றார்.

ஸ்கேனில் அடைப்பு இல்லை. மாத்திரையைப் பழைய அளவுக்கு ஏற்றினார்கள். எண் ஏறுகிற வரைக்கும் தினமும் வயிற்றில் ஊசி, சனிக்கிழமை மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும். "செவ்வாக்கெழம வரைக்கும் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த நூருல், கணேஸ்வரனைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். பிறகு அனுசியாவின் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி ஏன் இவ்வளவு வெளுத்திருக்கீங்க? சுடா மாக்கான்?"

சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். இந்த நாட்டில் எதிரில் வருகிறவர் எல்லாரும் கேட்கிற கேள்வி, சாப்பிடாதவரும் 'சுடா' என்று சொல்லிவிட்டுப் போகிற கேள்வி. அனுசியாவுக்கு அந்தப் பதில் நாக்கு நுனியில் எப்போதும் தயாராக இருக்கும். வாயையும் திறந்துவிட்டாள். கட்டிலில் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்த கணேஸ்வரன் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"பெலும்," என்றாள். இன்னும் இல்லை. "காலைலயும் பசியாறல. நேத்தும் சரியா சாப்பிடல."

சொல்லி முடித்ததும் எதனாலோ அழுகை வந்துவிட்டது. நூருல் அவளை உட்கார வைத்து, அவள் பெயருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு எழுதினாள். கணேஸ்வரன் கேன்டீன் பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரே ஒரு சோற்றுப் பொட்டலம் இருந்தது. வெளியே இருந்த நீள நாற்காலியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்து அவள் மடியில் வைத்தார். சோறு, கோழி, கொஞ்சம் பயற்றங்காய்.

"ஒங்களுக்கு?"

"இது ஒனக்கு."

அனுசியா கோழியைப் பிய்த்தாள். நல்ல சதையாக ஒரு துண்டை எடுத்துச் சோற்றோடு உருட்டினாள். அவள் அறியாமலேயே கை அவர் வாய்ப் பக்கம் போனது.

கணேஸ்வரன் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவள் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கவளத்தை அவள் பக்கமே திருப்பி, அவள் விழுங்குகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்.